பாவித்த ஹைபிரிட் கார் வாங்கலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இலங்கையில் பாவித்த கார் தேட இறங்கினால் இரண்டு நாளுக்குள் யாராவது ஒருவர் உங்களை ஹைபிரிட் பக்கம், அதாவது பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் அதற்கென்று தனிப் பற்றரியும் உள்ள கார்கள் பக்கம், தள்ளிவிடுவார். அக்குவா, பிரியஸ், அக்சியோ, ஃபிட், வெசல், வெகன் ஆர் என்று விளம்பரங்களில் பாதி அதுதான். விற்பவரைக் கேட்டால் "பற்றரிக்கு ஒன்றும் ஆகாது, இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்பார். அடுத்த தெருக் கராஜில் கேட்டால் "ஹைபிரிட்டா, அந்தப் பக்கமே போகாதீங்க" என்பார். நான் கார் தேடி அலைந்த காலத்தில் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் நின்றேன். இரண்டு பேரும் காரைப் பார்க்காமலே சொன்ன பதில்கள் அவை. பார்க்க வேண்டிய முறையில் பார்த்தால் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகப் பதில் கிடைக்கும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வையுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரி 1இல்தான். அதனால் நம் சந்தையில் ஒன்று 2018, 2019க்கு முன் செய்த பழைய கார்கள், அல்லது இப்போது வந்திறங்கும் விலை கூடிய கார்கள். நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. நடுத்தர வருமானக்காரர் பார்க்கும் அக்குவாவோ ஃபிட்டோ பெரும்பாலும் 2012க்கும் 2017க்கும் இடையில் செய்தது. அந்தப் பற்றரி மாற்றப்படாமல் இருந்தால் அதற்கும் அதே வயது.

1. காரைப் பார்க்க முன் கணக்கைப் பாருங்கள்

"லீற்றருக்கு எவ்வளவு ஓடும்" என்று கேட்பதற்கு முன், மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள், எந்த வீதியில் ஓடுவீர்கள் என்று உங்களையே கேளுங்கள்.

பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைப்போம், கணக்குக்கு இலகு. ஹைபிரிட் லீற்றருக்கு 20 கிலோமீற்றர், அதே அளவு சாதாரண கார் 13 என்று எடுங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு ஹைபிரிட்டில் 50 லீற்றர், 15,000 ரூபாய். சாதாரண காரில் ஏறக்குறைய 77 லீற்றர், 23,000 ரூபாய். மாதம் 8,000 மிச்சம், வருடத்துக்கு 96,000. ஒரு நாள் பற்றரி மாற்றவேண்டி வந்து மூன்றரை இலட்சம் போனாலும், நாலு வருடத்துக்குள் அந்தக் காசு திரும்பி வந்துவிடும்.

அதே கணக்கை மாதம் 400 கிலோமீற்றர் ஓடுகிறவருக்குப் போடுங்கள். மிச்சம் மாதம் 3,200 ரூபாய்தான். பற்றரிக் காசைப் பிடிக்க ஒன்பது வருடம் வேண்டும். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கும் காருக்கு ஹைபிரிட் தேவையே இல்லை. நல்லதொரு சாதாரண பெற்றோல் கார் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

வீதியும் முக்கியம். காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகிறவருக்குத்தான் ஹைபிரிட்டின் முழுப் பலன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பற்றரி ஏறும், ஊரும்போது எஞ்சின் நின்றிருக்கும். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகிறவருக்கு அந்த வித்தியாசம் குறைந்துவிடும்.

இன்னொன்று. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கார் என்றால் ஹைபிரிட் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ சித்தப்பாவோ வருடத்தில் ஒரு மாதம் வந்து ஓட்டுவதற்காக வாங்கி வைக்கும் கார் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. நிற்கும் ஹைபிரிட்டில் முதலில் சின்னப் 12 வோல்ற் பற்றரி படுக்கும், பிறகு பெரிய பற்றரியின் செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இறங்கும். இதே காரணத்தால், "வெளிநாட்டுக்காரர் கார், ஓடவே இல்லை, மீற்றரைப் பாருங்க" என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள்.

2. எந்த ஹைபிரிட் என்று முடிவெடுங்கள்

எல்லாவற்றுக்கும் ஹைபிரிட் என்று ஒரே பெயர்தான், ஆனால் உள்ளே இருப்பது வேறுவேறு. வரக்கூடிய செலவும் வேறுவேறு.

டொயோட்டாவில் நம் ஊரில் அதிகம் ஓடுவது அக்குவா, அக்சியோ ஹைபிரிட், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ். அக்குவாவுக்கும் அக்சியோவுக்கும் ஒரே 1500 சி.சி. எஞ்சின், ஒரே ஹைபிரிட் அமைப்பு. கியர் பெட்டிக்குள் தேயும் கிளச்சோ பெல்ற்றோ கிடையாது, பல்சக்கரங்களும் மோட்டாரும்தான். ஆகவே அந்தப் பக்கம் பயம் குறைவு. பயம் பற்றரியில்தான். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. மொடியூல் என்ற சின்னச் சின்னப் பற்றரித் துண்டுகள் அக்குவாவில் 20, பிரியஸில் 28, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். அதில் ஒன்று பழுதானால் முழுப் பற்றரியும் எச்சரிக்கை காட்டும். பிரியஸ் பார்க்கிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். அந்த 1800 சி.சி. எஞ்சினில் புகையைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். பாதை கரி படிந்து அடைபடும், அதோடு எஞ்சின் தலைக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ஹெட் கஸ்கட் போவதும் உண்டு. பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் பாகமும் வயது போனால் கேடு தரும். அது மலிவான சாமான் இல்லை.

ஹொண்டாவில் இரண்டு தலைமுறையைக் கலந்து குழம்பாதீர்கள். ஜி.பி.1 என்ற பழைய ஃபிட்டில் மோட்டார் எஞ்சினுக்கு ஒரு கை கொடுக்கிறது, அவ்வளவுதான். 2013இல் வந்த ஜி.பி.5 ஃபிட், அதன் பிறகு வந்த கிரேஸ், வெசல் ஹைபிரிட் எல்லாம் ஏழு கியர் இரட்டைக் கிளச் அமைப்பு, லித்தியம் பற்றரி. ஓட்ட நல்ல வேகம், இருக்கை வசதி, எல்லாம் சரி. ஆனால் ஜப்பானிலேயே வெளிவந்து ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் ஃபிட்டை ஹொண்டா ஐந்து முறை திருப்பி அழைத்தது, அதில் பல அந்தக் கியர் அமைப்புக்காக. நம் ஊரில் இவற்றில் கேட்கும் முறைப்பாடு, எடுக்கும்போது உதறுவதும், மெதுவான ஏற்றத்தில் கியர் பெட்டி சூடாகி எச்சரிக்கை காட்டுவதும். ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கம் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறுகிறவர்கள் இதை யோசித்துத்தான் எடுக்கவேண்டும். சமதரையில் இருப்பவருக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை.

வெகன் ஆர்? அது பெயருக்குத்தான் ஹைபிரிட். 660 சி.சி. எஞ்சினோடு பெல்ற்றில் ஓடும் சின்ன மோட்டார், இருக்கைக்குக் கீழே சின்ன லித்தியம் பற்றரி. மின்சாரத்தில் நீண்ட தூரம் ஓடும் கார் இல்லை. மிச்சப்படுத்துவதும் கொஞ்சம், பழுதானால் போகும் செலவும் கொஞ்சம். ஹைபிரிட் பயம் உள்ளவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன்.

என் கருத்து கேட்டால்: மாதம் 800 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், நகரத்துக்குள் வேலை என்றால் அக்குவா அல்லது அக்சியோ. வெசல் அழகான கார்தான், ஆனால் கியர் பெட்டிக்கென்று தனியாகக் காசு ஒதுக்க முடியாதவர் அழகைப் பார்த்து எடுக்கக்கூடாது.

3. உங்கள் ஊரில் யார் பார்ப்பார்?

இதைக் கடைசியில்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். கார் வாங்க முன்னரே, காரின் கணினியில் உள்ள தகவலை வாசிக்கும் ஹைபிரிட் ஸ்கான் கருவியும் பற்றரி கழற்றிப் பூட்டிய அனுபவமும் உள்ள ஒரு கராஜை உங்கள் ஊரில் தேடி வையுங்கள். கொழும்பில் பிரச்சினை இல்லை. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர், கார் நின்றால் இழுவை வண்டியில் எவ்வளவு தூரம் ஏற்றவேண்டும் என்று பார்க்கவேண்டும். அந்த வாடகையே சில நேரம் பழுதின் செலவை மிஞ்சும்.

பற்றரியிலிருந்து போகும் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொட்டால் உயிர் போகும் அளவு மின்சாரம். "நானே கழற்றிப் பார்க்கிறேன்" என்று சொல்லும் சாதாரண வயர்மேனிடம் கொடுக்கவேண்டாம்.

4. நேரில் போகமுன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

பெற்றோல் செலவைச் சேமிக்க இங்கே ஆரம்பியுங்கள். நாலு கேள்வி போதும்.

செய்த வருடம் எது, இலங்கையில் பதிந்த வருடம் எது? விளம்பரத்தில் பதிந்த வருடத்தைப் பெரிதாகப் போடுவார்கள். இலக்கத் தகட்டின் ஆங்கில எழுத்துகளும் இங்கே பதிந்த காலத்தைத்தான் சொல்லும். பற்றரிக்கு வயது எண்ணுவது செய்த வருடத்திலிருந்து.

ஹைபிரிட் பற்றரி மாற்றியதா? மாற்றியது என்றால் புதிதா, இன்னொரு காரிலிருந்து கழற்றியதா, இல்லை பழுதான மொடியூலை மட்டும் மாற்றியதா? கடைசி வகைதான் ஆபத்து. பத்து வருடப் பழைய மொடியூல்களுக்கு நடுவில் இரண்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மூன்றாவது போகும், அப்புறம் நாலாவது. "பற்றரி இப்பதான் செய்தது" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத பற்றரியை மாற்றாத பற்றரி என்றே விலை பேசுங்கள்.

ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாள் இருக்கிறதா? செசி இலக்கத்தைக் கொடுத்தால் காசு வாங்கிக்கொண்டு பழைய ஏலத் தாளைத் தேடித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஏலத்துக்கு வந்த நாளும் அன்றைய மீற்றரும் இருக்கும், தரம் 4, 4.5 என்று எண்ணில் போட்டிருக்கும். ஆர் என்று இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்திய கார். விற்பவர் நீட்டும் தாளை நம்பவேண்டாம், நீங்களே எடுங்கள். ஏலத்தில் 90,000 காட்டிய கார் இங்கே எட்டு வருடம் ஓடியபின் 78,000 காட்டினால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

கார் யார் பெயரில் இருக்கிறது, லீசிங் இருக்கிறதா? இதற்கு விற்பவர் மென்று விழுங்கினால் அந்தக் காரை அப்படியே விடுங்கள். ஏன் என்று எட்டாவது படியில் வரும்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு வையுங்கள்: "நான் காலையில் வருகிறேன், தயவுசெய்து அதுவரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம். ஸ்கான் பண்ண ஆளோடு வருவேன்." இதற்குச் சம்மதிக்காதவரிடம் போவதே வீண்.

5. குளிர்ந்த எஞ்சினோடு பாருங்கள்

போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட விட்டிருக்கிறார்கள். பழைய பிரியஸில் ஹெட் கஸ்கட் கோளாறு காலை முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். எஞ்சின் சில விநாடி உதறும், தட்டும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல் சீராகிவிடும். சூடான எஞ்சினில் இதைப் பிடிக்க முடியாது. எஞ்சினைக் குளிராக்கும் ரேடியேற்றர்த் தண்ணீர், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேற்றரைக் குளிராக்கும் தண்ணீர் இரண்டுக்கும் தனித்தனிக் குடுவை. இரண்டிலும் அளவு பாருங்கள்.

பவர் பொத்தானை அழுத்துங்கள். எல்லா எச்சரிக்கை விளக்கும் முதலில் எரிந்து பிறகு அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கலாம். "ரெடி" விளக்கு வந்தால் கார் ஓடத் தயார், எஞ்சின் சத்தம் வரவில்லையே என்று பயப்படவேண்டாம்.

பிரேக்கை நாலைந்து தரம் மிதித்து விடுங்கள். முன்பக்கத்தில் சின்னதொரு பம்பு ஓடும் சத்தம் கேட்டு நிற்கும், அது வழமை. மிதிக்காமல் இருக்கும்போதும் சில விநாடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருந்தால் பிரேக் பாகம் போகப்போகிறது என்று அர்த்தம்.

பின் இருக்கையைப் பாருங்கள். டொயோட்டாக்களில் அதன் அருகே பற்றரிக்குக் காற்று இழுக்கும் ஒரு துளை இருக்கும். அதில் தூசி, நாய் முடி, பிள்ளைகள் போட்ட பிஸ்கற் தூள் அடைந்திருந்தால் அந்தப் பற்றரி பல காலம் வெக்கையில் வெந்திருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இதுதான் பற்றரியைக் கொல்லும் முதல் காரணம், ஐந்து நிமிடத்தில் துப்புரவாக்கக்கூடியதும் இதுதான். அநியாயம்.

பிறகு ஓட்டுங்கள். ஏ.சி. போட்டு, குறைந்தது அரை மணித்தியாலம், ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் இருக்கும் பாதையில். திரையில் பற்றரிக் கட்டங்களைக் கவனியுங்கள். நல்ல பற்றரி மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். ஒரு சின்ன இறக்கத்தில் முழுதாக நிரம்பி, அடுத்த சந்தியில் அடிமட்டத்துக்கு விழுந்தால் அதன் கொள்ளளவு போய்விட்டது. பின்னாலிருந்து விசிறி இரைவது ஓயாமல் கேட்டாலும் அதேதான். ஹொண்டா என்றால் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், பின்னோக்கி ஏற்றுங்கள். உதறல் இருந்தால் "சொப்ட்வெயார் அப்டேற் பண்ணினால் சரியாகிவிடும்" என்பார்கள். அப்படியென்றால் செய்து காட்டிவிட்டு விற்கட்டும்.

6. ஸ்கான் செய்யாமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஸ்கான் பண்ணும் ஆளை நீங்கள் கொண்டுபோங்கள், அல்லது நீங்கள் தெரிந்த கராஜுக்குக் காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விற்பவர் சொல்லும் கராஜ் வேண்டாம். கூலி சில ஆயிரம் வரும், அதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. டொயோட்டா என்றால் கைபேசியில் டொக்டர் பிரியஸ் என்றொரு செயலியும் அதற்கேற்ற சின்னப் புளூடூத் கருவியும் வைத்து நீங்களே ஆரம்பச் சோதனை செய்யலாம். ஆனால் அது கராஜ் ஸ்கானுக்குப் பதில் ஆகாது.

ஆளிடம் "பிழை ஒன்றும் இல்லை" என்ற ஒரு வரியை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது, பிழைக் குறியீடுகள். டொயோட்டாவில் பி0ஏ80 என்று வந்தால் பற்றரி மாற்றவேண்டும் என்று காரே சொல்கிறது. வராவிட்டால் பற்றரி நல்லது என்று அர்த்தமில்லை. பலரும் தவறவிடும் பொறி இங்கேதான் இருக்கிறது: வாங்குபவர் வருமுன் குறியீட்டை அழித்துவிடுவது ஒரு நிமிட வேலை. அழித்தால் காரின் உள்சோதனைகள் "முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்பிவிடும், கொஞ்ச நாள் ஓடினால்தான் மீண்டும் முடிந்தது என்று காட்டும். ஆகவே "உள்சோதனைகள் முடிந்திருக்கிறதா, கடைசியாக எப்போது அழித்திருக்கிறது" என்று ஸ்கான்காரரைக் கேளுங்கள். நேற்று அழித்த கார் என்றால் என்னத்தை மறைத்தார் என்று விற்பவரைக் கேட்கலாம், அல்லது பேசாமல் திரும்பலாம்.

இரண்டாவது, மொடியூல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியின் வோல்ற் அளவு. கார் நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், அதை வைத்து ஏமாறாதீர்கள். வேகமாக எடுத்து, பிறகு பிரேக் பிடித்து, சுமை மாறும்போது பார்க்கவேண்டும். மிகக் கூடியதுக்கும் மிகக் குறைந்ததுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்குள் நின்றால் ஆறுதல். சுமையில் ஒரு வோல்ற்றைத் தாண்டினால் அந்தப் பற்றரிக்கு நாள் எண்ணப்படுகிறது.

மூன்றாவது, வெப்பம். ஓடி வந்தபின் ஒரு பகுதி மட்டும் மற்றதைவிட நன்றாகச் சூடாக இருந்தால் கவனம்.

ஸ்கான் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை: காரை நிறுத்தி, கியரை பி-யில் வைத்து, ரெடியில் ஏ.சி.யை முழுதாகப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாக எழும்பி ஏற்றும், பிறகு நிற்கும். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி எழும்பி நின்றால் பற்றரி பிடிக்கவில்லை.

திரை முழுவதையும் படம் எடுத்துவையுங்கள். விலை பேசும்போது உதவும்.

7. வெள்ளத்தில் நின்ற காரா?

2016 மேயில் கொலன்னாவை, கடுவலைப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது கார்களும் மூழ்கின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டின் பல பகுதிகளை நீரில் போட்டது. அந்தக் கார்களில் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருபவையும் இருக்கும். சாதாரண காருக்கு வெள்ளம் ஒரு கேடு என்றால், பின் இருக்கைப் பக்கம் பற்றரி உள்ள காருக்கு அது இரட்டைக் கேடு.

இருக்கைப் பட்டியை முழுதாக வெளியே இழுத்து அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு தேடுங்கள். மாற்று ரயர் இருக்கும் குழியில் காபற்றைத் தூக்குங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, வயர் இணைப்புகளில் பச்சை படிந்திருப்பது, கண்ணாடி மூடிய காருக்குள் ஈர மணம், எட்டு வருடக் காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருப்பது. எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

8. பத்திரங்கள்

காரில் பிழை வந்தால் கராஜில் திருத்தலாம். பத்திரத்தில் பிழை வந்தால் நீதிமன்றம், பொலிஸ், வக்கீல் என்று போகும். எனவே மெதுவாகப் படியுங்கள்.

பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் காரில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணைய சேவையில் வாகன இலக்கத்தைப் போட்டு விபரம் பார்க்கலாம். அங்கே முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால் லீசிங் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் பெயர் நீக்கப்படவில்லை.

லீசிங் இருந்தால், மீதிக் காசை நீங்கள் விற்பவர் கையில் கொடுக்கவேண்டாம். அவரோடு நிதி நிறுவனத்துக்குப் போய், தீர்க்கும் தொகையை எழுத்தில் கேட்டு, நேரடியாக அங்கே கட்டி, விடுவிப்புக் கடிதமும் பதிவுச் சான்றிதழும் வரும்வரை பாருங்கள். இதற்குப் பல நாள் எடுக்கும், அவசரப்படுத்தி ஒன்றும் ஆகாது. "லீசிங்கை நீங்களே தொடர்ந்து கட்டுங்க, பெயர் பிறகு மாத்துவம்" என்ற ஏற்பாட்டுக்குப் போகவே போகாதீர்கள். அவர் பெயரில் உள்ள காருக்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள், அவர் வேறொரு கடனில் மாட்டினால் உங்கள் வாசலில் வந்து காரை எடுப்பார்கள்.

அடுத்தது திறந்த பேப்பர். பதிந்த உரிமையாளர் வெற்றுப் படிவத்தில் திகதி இல்லாமல் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுவார், கார் மூன்று நாலு கை மாறும், யாரும் பெயர் மாற்றமாட்டார்கள். கடைசியில் நீங்கள் மாற்றப் போகும்போது அந்த முதல் ஆள் கனடாவில் இருப்பார், அல்லது உயிரோடே இருக்கமாட்டார். நான் பார்த்த ஒரு கார் இப்படித்தான். விலை நல்லம், ஸ்கான் நல்லம், ஆனால் பதிந்த உரிமையாளரைத் தரகருக்கே தெரியாது. விட்டுவிட்டு வந்தேன். பதிந்த உரிமையாளரே உங்கள் முன் இருந்து கையொப்பமிடவேண்டும். அவர் வெளிநாட்டில் என்றால் முறையாகப் பதிந்த அற்றோர்ணித் தத்துவம் வேண்டும். அதில் வாகனத்தை விற்க அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பெயர் மாற்றத்துக்குத் தேவையானவை: பதிவுச் சான்றிதழ் மூலப் பிரதி, உரிமையாளர் கைமாற்றத்தை அறிவிக்கும் எம்.டி.ஏ. 8 படிவம், புதிய உரிமையாளர் விண்ணப்பிக்கும் எம்.டி.ஏ. 6 படிவம், இருவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், லீசிங் இருந்திருந்தால் விடுவிப்புக் கடிதம். உங்கள் வரி செலுத்துநர் இலக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் முன்கூட்டியே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வையுங்கள். கார் கைக்கு வந்து 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள், பிந்தினால் தண்டப் பணம். கட்டணம் அவ்வப்போது மாறுகிறபடியால் போகுமுன் திணைக்களத்தின் பட்டியலைப் பாருங்கள். படிவங்களை இரண்டு பிரதி நிரப்பி வைத்திருப்பது நல்லது. ஒரு வெட்டு, ஒரு திருத்தம் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

புகைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் எப்போது முடிகின்றன என்று பாருங்கள். பல மாதம் புதுப்பிக்காத கார் என்றால் அந்தத் தொகையும் தண்டமும் யார் தலையில் என்று விலை பேசும்போதே முடிவெடுங்கள்.

9. விலையும் காசும்

விலை பேசப் போகுமுன் ஒரு கராஜில் அந்த மொடலுக்குப் புதுப் பற்றரி என்ன விலை, மீளக் கட்டியது என்ன விலை, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். டொலரோடு சேர்ந்து ஏறி இறங்கும் சாமான், போன வருடத்து விலை உதவாது. உத்தரவாதம் என்றால் செல்லுக்கு மட்டுமா, கழற்றிப் பூட்டும் கூலியும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

மாற்றாத பழைய பற்றரி, ஸ்கானில் நடுத்தரம் என்றால் அந்தத் தொகையில் பாதியையாவது விலையில் குறைக்கக் கேட்பது நியாயம். ஸ்கானில் மோசம் என்றால் முழுத் தொகையும். விற்பவர் ஒரேயடியாக மறுத்தால் விடுங்கள், அக்குவா நாட்டில் இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் கையில் 60 இலட்சம் இருந்தால் 60 இலட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். பற்றரிக்கும் ரயருக்கும் காப்புறுதிக்கும் ஒதுக்கிவிட்டு மீதிக்குத் தேடுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதென்றால் சின்னத் தொகையாக, எழுத்தில். "ஸ்கானும் பத்திரமும் சரியில்லாவிட்டால் முழுதாகத் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி அதில் இருக்கவேண்டும். மீதியை வங்கி மூலம், பதிந்த உரிமையாளரின் கணக்குக்கே. தரகர் கணக்குக்குப் போடச் சொன்னால் வேண்டாம். கார் கையளித்த திகதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அன்று காலை அவர் மீறிப் போன சிவப்பு விளக்குக்கு நீங்கள் தண்டம் கட்டவேண்டியதில்லை.

விளம்பரம் பார்ப்பதிலிருந்து பெயர் மாறும் வரை ஒரு மாதம் என்று வையுங்கள், லீசிங் இருந்தால் இன்னும் கூடும். தீபாவளிக்குள், கலியாணத்துக்குள் என்று நாள் குறித்துக்கொண்டு போனால் விற்பவருக்குத்தான் லாபம்.

10. எடுத்த முதல் கிழமை

காப்புறுதி கார் எடுத்த அன்றே உங்கள் பெயரில். பழையவரின் காப்புறுதி தானாக உங்களுக்கு வராது. வெள்ளம், இயற்கை அழிவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் அது மேலதிகக் கட்டணம். பற்றரி தேய்ந்துபோவதற்கு முழுக் காப்புறுதியும் காசு தராது.

எஞ்சின் ஒயில் மாற்றுங்கள், கூடவே இன்வேற்றர்த் தண்ணீரையும் பாருங்கள். 12 வோல்ற் பற்றரி எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். அது பின்பக்கம் காருக்குள்ளேயே இருக்கும் மொடல்களில் வாயு வெளியேறக் குழாய் உள்ள வகைதான் போடவேண்டும். மலிவென்று சாதாரண பற்றரியைத் திணிக்க விடாதீர்கள். ஹைபிரிட் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பதறும் பாதிப்பேருக்குப் பெரிய பற்றரியில் ஒன்றும் இல்லை, இந்தச் சின்னதுதான் படுத்திருக்கும்.

செசி இலக்கத்தை உற்பத்தியாளரின் ஜப்பானிய இணையப் பக்கத்தில் போட்டு, திருப்பி அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பான் கார்கள் பலவற்றில், விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறக்கூடும் என்று திருப்பி அழைக்கப்பட்ட டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் இருக்கின்றன. அது நிலுவையில் காட்டினால் உள்ளூர் முகவரிடம் விசாரியுங்கள், தள்ளிப்போடவேண்டாம்.

பின் இருக்கையருகே உள்ள அந்தக் காற்றுத் துளை வலையைக் கழற்றி ஊதித் துப்புரவாக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே செய்யுங்கள். அதன் மேல் பையோ துவாயோ போடவேண்டாம் என்று வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு தரம்.